செத்தவள் குதிரையில் வந்த ஞாயிற்றுக்கிழமை

இதை எழுதலாமா வேண்டாமா என்று முப்பது வருஷத்துக்கு மேலாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதற்காகவே நாலு தடவை கோடு போட்ட நோட்டு வாங்கினேன். எழுத உட்கார்ந்ததும் வெட்கம் பிடுங்கும். சும்மா இருக்கக் கூடாதே என்று ‘ஸ்ரீராமஜெயம்’ எழுத ஆரம்பித்துவிடுவேன். அப்படியே நாலு நோட்டும் ராமன் பேரால் நிறைந்துபோயின. இது ஐந்தாவது நோட்டு. இதை எனக்கு எடுத்துக்கொண்டதற்கு ராமன் கோவித்துக்கொள்ள மாட்டான். (அவன் பங்குக்கு நாலு வாங்கியாச்சே!)

நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு உண்மையை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்தி தெரியாது. அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. இந்த ஒரு வரியை அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

கொடைக்கானல் மலையில் கோபுரம் வைத்து மதுரைக்கு டிவி தெரிய ஆரம்பித்திருந்த சமயம் அது. செல்லூரில் நாங்கள் குடியிருந்த சந்தில் ஒரே ஒரு டிவிதான் இருந்தது. அது சின்னக்கருப்பன் வீட்டு டிவி. அவர் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர், செல்லூருக்கு வந்து லேத்துப் பட்டறை போட்டவர். குரலும் பெரிசு, மனசும் பெரிசு. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கே பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக் கதவை முழுசாகத் திறந்துவிடுவார். பத்து மணிக்கு டெல்லியிலிருந்து ஒரு இந்தி நாடகம் வரும். அதில் முகத்தில் கறுப்புத் துணி கட்டிய மூன்று பேர் குதிரையில் வந்து, ஊரை மிரட்டுகிற ஒரு பண்ணையாரையும் அவன் ஆட்களையும் துவைத்து எடுத்துவிட்டுப் போவார்கள். யார் அந்த மூன்று பேர் என்பது ஊருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. யாருக்கும் ஒரு வார்த்தை புரியாமல் நாற்பது பேர் அதை வாய் பிளந்து பார்த்தோம்.

நாங்கள் சௌராஷ்டிரர்கள். எந்தக் காலத்திலோ குஜராத் பக்கமிருந்து தெற்கே வந்தவர்கள். வீட்டுக்குள் எங்கள் பாஷை, வாசலைத் தாண்டினால் மதுரைத் தமிழ். அந்தச் சந்தில் எங்கள் வீடு ஒன்றுதான் அப்படி. முதல் ஞாயிற்றுக்கிழமை, டிவியில் வெயிலில் வந்த ஒருவன் “பானி” என்றான். எங்கள் வீட்டிலும் தண்ணீருக்கு அதே சொல்தான். நான் சும்மா இருக்காமல், “தண்ணி கேக்குறான்” என்றேன். அடுத்த நொடி ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சின்னக்கருப்பன் திரும்பிப் பார்த்தார். நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“சுப்புராமண்ணே! ஒங்களுக்கு இந்தி தெரியுமா? இம்புட்டு நாளா சொல்லவே இல்லையே! ஏய் பாண்டி, அண்ணனுக்கு நாற்காலியப் போடு!”

அவர் மனைவி பாண்டியம்மா நாற்காலி போட்டார். அதுவரை நான் தரையில் தூணோரம் உட்கார்ந்து பார்த்தவன். நாற்காலி என்பது பொல்லாத சாமான். ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மனசு வராது. “எங்க பாஷையும் அதுவும் கொஞ்சம் ஒட்டும்” என்று இழுத்தேன். அது பொய் இல்லை. மிச்சத்தை அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

அன்றிலிருந்து வாராவாரம் நான்தான் கதை சொல்ல வேண்டும். காலையில் கோயிலுக்குப் போய்ப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு, அதே திருமண் நெற்றியோடு வந்து உட்கார்ந்து புளுகுவேன். சின்னக்கருப்பன், “சத்தியமாவாண்ணே?” என்று கேட்டால், “பாத்துக்கிட்டே இருங்க” என்பேன். சத்தியம் மட்டும் செய்ததில்லை. (பக்தனுக்கும் ஒரு எல்லை உண்டுல்ல.)

ஆனால் நான் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. சின்ன வயசிலிருந்து தேர்முட்டிக் கூத்து, கோயில் கதாகாலட்சேபம், கொட்டகை சினிமா எல்லாம் பார்த்தவன். கதை எந்தப் பாஷையில் வந்தாலும் அதற்கென்று சில முறைகள் உண்டு என்று எனக்குத் திடமான நம்பிக்கை. கெட்டவன் பழத்தைக் கத்தியால் அறுத்துத் தின்பான், நல்லவன் கடித்துத் தின்பான். யாராவது இருமினால் இரண்டு வாரத்தில் சாவு. எல்லாவற்றையும்விட முக்கியமான முறை ஒன்று உண்டு. ஊரிலேயே எவன் வாயில்லாப் பூச்சியோ, எவனை யாரும் ஒரு ஆளாகவே மதிக்கவில்லையோ, அவன்தான் முகமூடிக்காரன். இந்த முறையை வைத்து, நாடகத்தில் கோயில் விளக்குப் போடுகிற ஊமையைப் போன்ற ஆள்தான் முதல் குதிரைக்காரன் என்று மூன்றாவது வாரமே சொல்லிவிட்டேன்.

“அதெப்பிடிண்ணே, அவன் நிமிந்துகூடப் பாக்க மாட்றானே?”

“அதனாலதான்யா. நம்ம அழகர் என்ன செய்றாரு? மலையில இருந்து இறங்கி வரும்போது கள்ளர் வேஷம் போட்டுக்கிட்டுத்தானே வாராரு? சாமியே வேஷம் போடும்போது ஆசாமி போட மாட்டானா?”

சந்து முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இந்தி நாடகத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட ஒரே ஜனம் நாங்களாகத்தான் இருப்போம்.

ஒன்பதாவது வாரம் ஒரு காரியம் செய்தேன். நாடகத்தில் வருகிற இளம் பெண் ஒருத்தி கட்டிலில் படுத்திருந்தாள். ஒரு கிழவர் அவள் காலைப் பார்த்தார். சோகமாக ஒரு வாத்தியம் வாசித்தார்கள். விளக்கு அணைந்தது. நான் தொண்டை கரகரக்க, “பாம்பு தீண்டிருச்சு. போயிட்டா” என்றேன். பாண்டியம்மா ஓவென்று அழுதுவிட்டார். அன்றைக்கு அவர் வீட்டில் கறி எடுக்கவில்லை. பட்டறைக்காரர் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகப் பருப்புக் குழம்பு சாப்பிட்டார். அடுத்த மூன்று வாரம் அந்தப் பெண் நாடகத்தில் வரவே இல்லை. நான் சொன்னது சரிதான் என்று நானே நம்பிவிட்டேன்.

இந்தக் கூத்து இத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் மூத்த மகள் லலிதாவுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு இடம் தட்டிப்போய், கமலா (என் வீட்டுக்காரி) வெள்ளிக்கிழமை விரதம், செவ்வாய்க்கிழமை விளக்கு என்று இளைத்துப்போயிருந்தாள். மூன்றாவதாக மகால் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. பையன் பேர் பத்மநாபன். நூல் கம்பெனி ஒன்றில் வேலை. அகமதாபாத்துக்கு மாற்றலாகப் போகிறது. தரகர் வந்து வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்:

“பொண்ணு அங்க போய்ப் பொழைக்கணுமேன்னு யோசிச்சாங்க. நான் சொல்லிட்டேன், பொண்ணோட அப்பாவுக்கு இந்தி தண்ணிபட்ட பாடு, சந்துக்கே அவருதான் மொழிபெயர்ப்புன்னு. உடனே சரின்னுட்டாங்க. இன்னொண்ணு. பையனோட அப்பா ஜெகந்நாதன் பஜனை மடத்துக்காரரு. நகை நட்டு எதுவும் கேக்கலை. பொய் பேசாத குடும்பமா இருந்தாப் போதுமாம்.”

 இந்தி தெரியும் என்பதற்காகவும் வருகிறார்கள், பொய் பேச மாட்டேன் என்பதற்காகவும் வருகிறார்கள். இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். என்னிடம் இரண்டுமே இல்லை.

கமலாவிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “வாயை மூடிக்கிட்டு இருங்க. பொண்ணு பாக்க வாரவங்க இந்தியிலயா கேள்வி கேக்கப் போறாங்க?”

லலிதா அவள் பாட்டுக்கு நூல் சிக்கெடுத்துக்கொண்டே சொன்னாள்: “எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்ப்பா. சம்மதமான்னு அவரு என்னையக் கேக்கணும். உங்களக் கேட்டா நீங்க பதில் சொல்லிக்கங்க. என்னையக் கேட்டாத்தான் நான் சொல்லுவேன்.”

அந்தக் காலத்தில் பையன் எங்கே பெண்ணைக் கேட்டான்? அது வேறு ஒரு கவலையாக என் தலையில் ஏறியது.

அவர்கள் குறித்துக் கொடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி. பதினோரு மணிக்கு வைத்துக்கொள்ளலாமே என்று கெஞ்சிப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு எமகண்டம் வந்துவிடும், பேசி முடிக்க நேரம் பத்தாது என்று தரகர் முடித்துவிட்டார். 

ஒன்பதுக்கு ஐந்து பேர் வந்தார்கள். ஜெகந்நாதன், அவர் மனைவி, பையன், தரகர், பிறகு பையனின் தாய்மாமன். இந்தத் தாய்மாமனை அவர்கள் வீட்டில் ‘சூரத்து மாமா’ என்றுதான் சொல்வார்கள். ஜரிகை வாங்குவதற்காக சூரத்துக்குப் போய்வந்தவராம். ஜெகந்நாதன் பெருமையாக அறிமுகம் செய்தார். (அவர்கள் பேசியது எங்கள் பாஷையில். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.)

“எங்க மச்சானுக்கு இந்தி, குஜராத்தி ரெண்டும் கரைச்சுக் குடிச்ச மாதிரி. நீங்க ரெண்டு பேரும் பேசினா எங்களுக்குக் கேக்கவே ஆசையா இருக்கும்.”

நான் அவசரமாகக் கேசரியையும் பஜ்ஜியையும் அவர்கள் பக்கம் தள்ளினேன். சூரத்து மாமா என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். அது புலி சிரிக்கிற சிரிப்பு என்று நினைத்தேன். “சாப்பிடும்போது எதுக்குப் பேச்சு?” என்று அவர் ஒரு பஜ்ஜியை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். நானும் ஒன்றை முழுசாகப் போட்டுக்கொண்டேன். இருவரும் மாறி மாறி எட்டு பஜ்ஜி வரை போனோம்.

பையனைப் பற்றி ஜெகந்நாதன் சொன்னார்: “அகமதாபாத்துல ஆறு மாசம் டிரெய்னிங்குன்னு இருந்துட்டு வந்தான். இவன் இங்கயே வாயைத் திறக்க மாட்டான், அங்க என்ன பாஷை கத்துக்கிட்டிருக்கப் போறான்?” பையன் தலை குனிந்தபடியே இருந்தான். மூலையில் வைத்த குடம் மாதிரி அடக்கமான பிள்ளை. நான் அவனை அதற்கு மேல் கவனிக்கவில்லை. என் கண் முழுக்க சூரத்து மாமா மேல்தான்.

பத்து அடிக்க ஐந்து நிமிஷம். வாசலில் இடி இடித்தது. அதாவது சின்னக்கருப்பன் குரல்.

“சுப்புராமண்ணே! என்ன இன்னும் வரல? இன்னிக்கு முகமூடிய அவுக்கப் போறாங்கன்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க! மொத்தச் சந்தும் வந்து உக்காந்துருச்சு!”

“வீட்டுல விருந்தாளி வந்திருக்காங்கப்பா, நான் வரலை...”

“விருந்தாளியும் வரட்டுமே! வாங்கய்யா, வாங்கம்மா, நம்ம வீடு நாலு வீடு தள்ளித்தான். எங்கண்ணன் கதை சொல்றதக் கேட்டீங்கன்னா அசந்துருவீங்க!”

ஜெகந்நாதன் முகம் மலர்ந்தது. “போவோமே. மச்சானும் இருக்கான். ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லட்டும்.”

சூரத்து மாமா, “எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்...” என்று ஆரம்பித்தார். “காதாலதானே மாமா பாஷை புரியணும்” என்று தரகர் அவரைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பலிக்கு ஓட்டிப்போகிற ஆடு மாதிரி நான் முன்னால் நடந்தேன். பின்னால் திரும்பிப் பார்க்காததால் இன்னொரு ஆடும் வந்தது எனக்குத் தெரியவில்லை.

சின்னக்கருப்பன் வீட்டில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் நாற்காலி. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். லலிதாவும் கமலாவும் பெண்கள் நடுவில். பையன் என் பழைய தூணோரம் தரையில் உட்கார்ந்தான். நாடகம் தொடங்கியது. குதிரை ஓடியது. வாள் சண்டை. பண்ணையார் கத்தியால் பழத்தை அறுத்தான். இது வரைக்கும் பாஷை தேவையில்லை. நடுவில் இருந்த முகமூடி ஆள் குதிரையிலிருந்து குதித்தான். கறுப்புத் துணியைப் பிடித்தான். வாத்தியமெல்லாம் நின்றது. சந்தே மூச்சை அடக்கியது. துணி அவிழ்ந்தது. நீளமாகப் பின்னல் விழுந்தது.

அவள்தான். ஒன்பதாவது வாரம் நான் சாகடித்த அதே பெண்!

 முதலில் பாண்டியம்மாதான் எழுந்தார். “அண்ணே... இவ செத்துட்டான்னீங்களே?”

அவர் பின்னால் சின்னக்கருப்பன். “அன்னிக்குக் கறி எடுக்காமப் பருப்பு தின்னேன்ணே. அதுக்கு யாருண்ணே பதில் சொல்றது?”

டிவியில் அந்தப் பெண் படபடவென்று பேசிக்கொண்டிருந்தாள். ஒரு ‘பானி’கூட வரவில்லை. என் நெற்றி வேர்த்துத் திருமண் மூக்கில் இறங்கியது. சூரத்து மாமாவைப் பார்த்து, “பெரியவங்க இருக்கும்போது நான் சொல்றது முறையில்லை. நீங்க சொல்லுங்க” என்றேன்.

“சேச்சே. இது உங்க ஊரு சபை. நீங்கதான் சொல்லணும்.”

“உங்க அனுபவம் என்ன, என் அனுபவம் என்ன...”

“நீங்க ஆரம்பத்துல இருந்து பாத்தவரு...”

ஜெகந்நாதன் மனைவி பக்கத்தில் இருந்த பெண்ணிடம், “எவ்வளவு மரியாதை பாருங்க ரெண்டு பேருக்கும்” என்று நெகிழ்ந்தார். அப்போது சூரத்து மாமாவுக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை. ஆள் குலுங்குகிற இருமல். (இருமினால் ரெண்டு வாரத்துல சாவுன்னு என் சொந்தச் சட்டமே இருக்கே என்று எனக்குத் தூக்கிப்போட்டது.) “தண்ணி, தண்ணி” என்று என் தோளைப் பிடித்தார். அவரைத் தாங்கிக்கொண்டு பின்பக்கம் அடிபம்புக்குப் போனேன்.

அங்கே போனதும் இருமல் பட்டென்று நின்றது.

“ஐயா” என்றார், எங்கள் பாஷையில், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு. “நீங்கதான் என்னைக் காப்பாத்தணும். அவ என்ன சொல்றான்னு என் காதுல மட்டும் சொல்லிடுங்க. எனக்கு ஒரு எழுத்து புரியலை.”

“என்னது? சூரத்து?”

“ரெண்டே தடவைதான் போனேன். ரெண்டு தடவையும் வயித்துப்போக்கு. நம்ம ஊருக்காரர் மெஸ்ஸுல படுத்துக் கிடந்தேன். ஜரிகைய அவங்களே கொண்டாந்து கொடுத்தாங்க. திரும்பி வந்தப்ப வீட்டுல எல்லாரும் ‘பாஷை வந்திருச்சா’ன்னு கேட்டாங்க. தலைய ஆட்டிட்டேன். இருபது வருஷமா ஆடிக்கிட்டே இருக்கு.”

நான் அடிபம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.  பிறகு மெதுவாகச் சொன்னேன்: “எனக்கும் தெரியாது.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சத்தம் கேட்காமல் இருக்க இன்னொரு கையால் பம்பை அடித்தோம். தண்ணீர் கொட்டி இரண்டு பேர் வேட்டியும் முழங்கால் வரை நனைந்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதுவரை அனுபவித்ததில்லை.

சிரித்து முடித்ததும் பயம் திரும்ப வந்தது. சூரத்து மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வக்கீல் மாதிரி கேட்டார்: “அவ செத்தான்னீங்களே, பொணத்தக் காட்டினாங்களா?”

“இல்லை. வாத்தியம் வாசிச்சாங்க. விளக்கு அணைஞ்சுது.”

“பொணத்தக் காட்டலைன்னா சாகலைன்னு அர்த்தம். கதைக்கு அதுதானேயா முறை! தீயில எரிஞ்சாலும், ஆத்துல போனாலும், பொணத்தக் காட்டுற வரைக்கும் ஆள் திரும்ப வரும்.”

எனக்குச் சுரீர் என்றது. எத்தனை கூத்து பார்த்தேன், எத்தனை சினிமா பார்த்தேன், இந்த அடிப்படை முறையை எப்படி மறந்தேன்! அங்கேயே நின்று மூன்று நிமிஷத்தில் கதையைக் கட்டினோம். பாம்பு தீண்டியது உண்மை. ஊர் செத்தாள் என்று நினைத்ததும் உண்மை. மலை வைத்தியர் ஒரு வேர் கொடுத்து எழுப்பினார். ஊருக்குச் செத்தவளாகவே இருந்து பண்ணையாரைப் பழிவாங்க முகமூடி போட்டாள். அவ்வளவுதான்.

உள்ளே போனோம். நான் ஒரு வரி, அவர் ஒரு வரி என்று கச்சேரி மாதிரி சொல்லி முடித்தோம். பாண்டியம்மா, “என் தாயி, பொழைச்சு வந்துட்டியா” என்று டிவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லாரும் சமாதானமானார்கள். பருப்புக் குழம்பு தின்றவரைத் தவிர.

“இருங்க இருங்க” என்றார் சின்னக்கருப்பன். “ரெண்டு பேரும் போகும்போது இல்லாத கதை வரும்போது எங்கிட்டு இருந்து வந்துச்சு? அடிபம்புலயா டிவி ஓடுது? அந்தா, மாப்ளத் தம்பி ஒக்காந்துருக்காரே, அவரும் வடக்க ஆறு மாசம் இருந்தவருன்னு தரகரு சொன்னாரே? அவரு சொல்லட்டும்.”

“அவனுக்கு என்ன தெரியும்” என்றார் ஜெகந்நாதன்.

பையன் எழுந்து நின்றான். முதல் தடவையாக நிமிர்ந்தான். அவன் கண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இவனுக்கு ஒவ்வொரு எழுத்தும் புரிந்திருக்கிறது! ஊரிலேயே எவன் வாயில்லாப் பூச்சியோ அவன்தான் முகமூடிக்காரன் என்று வாராவாரம் நாற்காலி போட்டுச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் வீட்டுக் கேசரியைத் தின்ற முகமூடிக்காரனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முடிந்தது, லலிதாவின் கல்யாணம் இந்தப் பட்டறைக்காரர் வீட்டிலேயே முடிந்தது என்று நினைத்தேன். மனசுக்குள் ‘அழகா, அழகா’ என்றேன். வேறு ஒன்றும் வரவில்லை.

“மாமா ரெண்டு பேரும் சொன்னது சரிதான்” என்றான் பத்மநாபன். “பாம்பு, வேர், எல்லாம் சரி. ஒண்ணே ஒண்ணை விட்டுட்டாங்க.”

“எதைத் தம்பி?”

அவன் பெண்கள் பக்கம் திரும்பினான். “ ‘நான் எங்கப்பாவுக்காகக் கேக்கலை, எனக்காகக் கேக்குறேன். உனக்குச் சம்மதமா?’ அப்படின்னு இப்பச் சொன்னாங்க.”

சின்னக்கருப்பன் குனிந்து டிவியைப் பார்த்தார். அதில் ஆள் யாரும் இல்லை. குளத்தங்கரையில் ஒரு குதிரை நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

“குதிரைதானே தம்பி நிக்குது?”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. லலிதா! புடவைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கியும் அடங்கவில்லை. சிரித்து முடித்து, நாற்பது பேர் முன்னால், “குதிரை கேட்டா சரின்னுதான் சொல்லணும்” என்றாள். கமலா அவளைக் கிள்ளினாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள்.

எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து, வெற்றிலை பாக்குத் தட்டை மாற்றப் பெருமாள் படத்துக்கு முன்னால் நின்றோம். தட்டு என் கையில். ஜெகந்நாதன், “பொய் பேசாத குடும்பம் கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன்” என்று கண் கலங்கினார். என்னால் முடியவில்லை. படத்தில் பெருமாள் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. கமலா கண்ணால் ‘வேண்டாம்’ என்று கெஞ்சுவது தெரிந்தும் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

“ஐயா, எனக்கு இந்தி தெரியாது. ‘பானி’ தவிர ஒரு சொல் தெரியாது. பன்னிரண்டு வாரமா நான் சொன்னது பூரா என் சொந்தச் சரக்கு. இதைச் சொல்லாமத் தட்டை மாத்தினா என் பொண்ணு நல்லா இருக்க மாட்டா. இனி உங்க இஷ்டம்.”

சூரத்து மாமா பேரை நான் எடுக்கவில்லை. அவர் சுவரோடு சுவராக நின்றார்.  ஜெகந்நாதன் அவர் பக்கம் திரும்பினார்.

“மச்சான், நீ சொல்லு. உனக்குத்தானே தெரியும். இவருக்கு எவ்வளவு இந்தி வரும்?”

 சூரத்து மாமா பெருமாளைப் பார்த்தார். “எனக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு வரும்” என்றார்.

ஜெகந்நாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “உனக்கு வராதுன்னு நீ சூரத்துல இருந்து வந்த வருஷமே உன் தங்கச்சி எனக்குச் சொல்லிட்டாளேடா! நீயா எப்பச் சொல்லுவேன்னு இத்தனை வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன்.” என்னிடம் திரும்பினார். “பெருமாள் முன்னால ஒரு பொய்ய அரை நிமிஷம்கூட வச்சிருக்க முடியாத மனுஷன்யா நீரு. எனக்கு இது போதும். தட்டை எடும்.”

தட்டை எடுத்தேன்.  “இவ்வளவு தெரிஞ்சவன் ஏன்டா வாயைத் திறக்கலை?” என்று மகனைக் கேட்டார். “மாமா இருக்கும்போது நான் எப்படிச் சொல்றது?” என்றான் பத்மநாபன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். நாற்காலியை நானே மடக்கி ஓரமாக வைத்தேன். பத்மநாபனை வரவழைத்து நிஜக் கதையைச் சொல்லச் சொன்னார் சின்னக்கருப்பன். அந்தப் பெண்ணுக்குப் பாம்பு தீண்டவில்லையாம், கால் சுளுக்காம். மூன்று வாரம் அத்தை ஊருக்குப் போயிருந்தாளாம். மொத்தச் சண்டையும் ஒரு நிலப் பட்டாவுக்காம். விளக்குப் போடுகிறவன் வெறும் விளக்குப் போடுகிறவன்தானாம்.



“இம்புட்டுத்தானா?” என்றார் பாண்டியம்மா. “சுளுக்குக்கா நான் அழுதேன்? அண்ணே, நீங்க நாற்காலியப் போடுங்க. ஒங்க கதையவே சொல்லுங்க.”

“சொல்லுங்கண்ணே. ஆனா எவளைக் கொல்றதுன்னாலும் திங்கக்கெழமை கொல்லுங்க. ஞாத்துக்கெழமை கறி முக்கியம்” என்றார் சின்னக்கருப்பன்.

நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து தூணோரம்தான். தரையில் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல், நிம்மதியாகப் பார்த்தேன்.

லலிதாவும் மாப்பிள்ளையும் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பரீட்சை போச்சு, வேலை போச்சு என்று வந்தால் மற்றவர்கள் ஒரே குரலில் கேட்பார்கள்: “பொணத்தக் காட்டினாங்களா?” போன வருஷம் எனக்கு நெஞ்சு வலித்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கண் விழித்தபோது எதிரே சூரத்து மாமா. தொண்ணூறு வயசு, கையில் தடி. என் காதருகில் குனிந்து, “விளக்குதானேயா அணைஞ்சுது” என்றார். நர்ஸ் வந்து அதட்டுகிற அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தோம்.

அதனால்தான் இப்போதாவது எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். நீங்கள் இதை நாலு பேருக்குச் சொல்வீர்கள், எனக்குத் தெரியும். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் ஒரு வேண்டுகோள். ஒரு நாடகத்தையே மாற்றிச் சொன்னவன் கேட்கிறேன், இதை மட்டும் மாற்றாமல் சொல்லுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாக ஏற்றிவிட்டார்கள். குளத்தங்கரையில் இரண்டு குதிரை நின்றது, ஒன்று கனைத்தது என்கிறான் ஒருவன். அது மாப்பிள்ளையைப் பார்த்துத் தலையாட்டியது என்கிறாள் இன்னொருத்தி.

நான் அங்கே இருந்தவன். கனைக்கவில்லை. தலையாட்டவில்லை. வாலைத்தான் ஆட்டியது. ஒரே ஒரு குதிரைதான். சத்தியமாக.